சாவி சுவிட்சை எங்கே பொருத்தலாம்? கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி

நண்பர்களே, என் மின்சார பைக்கில் சாவி சுவிட்ச் ஹேண்டில்பாரின் நடுவில், வானத்தைப் பார்த்தபடி இருக்கிறது. எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வெளுத்து வாங்கும். ஐப்பசி பிறந்தால் சாவித் துவாரம் ஒரு குட்டிக் கிணறு. போன வாரம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும்போது ஒரு வளைவில் வண்டி சட்டென்று நின்றுவிட்டது. பின்னால் பஸ். சாவியை இரண்டு முறை ஆட்டிய பிறகுதான் உயிர் வந்தது.

கழற்றிப் பார்த்தேன். பித்தளைத் தொடுமுனையில் பச்சை பூத்திருக்கிறது. ஹேண்டில் திரும்பும் இடத்தில் ஒயரின் உறையும் வெடித்திருக்கிறது. மோட்டாருக்குப் போகும் மின்னோட்டம் இந்தச் சுவிட்ச் வழியாகப் போவதில்லை. மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோலரை எழுப்பும் சிறு மின்னோட்டம் மட்டுமே. ஆனால் பேட்டரியின் 72 வோல்ட் அப்படியே வருகிறது, அதனால் ஈரம் என்றால் பயம்.

சீட்டுக்குக் கீழே பக்கவாட்டு மூடியில், துவாரம் சற்றே கீழ்நோக்கி இருக்கும்படி தகடு வளைத்துப் பொருத்தலாமா? பின்சக்கரச் சேறு தெறிக்குமா, முழங்கால் சாவியில் இடிக்குமா என்பதுதான் யோசனை. (ஹேண்டில் பூட்டு தனியாக இருக்கிறது, அதில் சிக்கலில்லை.) மலையில் ஓட்டுகிறவர்கள் யாராவது இப்படி மாற்றியிருந்தால் படம் போடுங்கள். ரப்பர் மூடி வாங்கச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே இரண்டைத் தொலைத்துவிட்டேன்.