ஃபாரஸ்ட் என்றால் காடுதானா? மரமே இல்லாத இடத்துக்கு அந்தப் பெயர் எப்படி?

தேனி மதி:

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளுக்கான ஒரு சிறு பத்திரிகைக்கு டார்ட்மூர் பற்றிய பயணக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் பகுதியில் இருக்கிற மேட்டுநிலம் அது. கட்டுரையில் நான்கு இடத்தில் "டார்ட்மூர் ஃபாரஸ்ட்" என்று வருகிறது, நானும் யோசிக்காமல் "டார்ட்மூர் காடு" என்று போட்டுவிட்டேன். ஆனால் கூடவே வந்த படங்களைப் பார்த்தால் புல், சதுப்பு, கருங்கல் பாறைக் குவியல், நடுவில் மேய்கிற மட்டக்குதிரைகள், அவ்வளவுதான். மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆசிரியர் "மரம் எங்கே?" என்று கேட்கிறார், எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு காலத்தில் அடர்காடாக இருந்து வெட்டிவிட்டார்களா, அதனால் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு இருக்கிறதா? இல்லை, ஃபாரஸ்ட் என்ற சொல்லுக்கே வேறு பொருள் இருக்கிறதா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ஒரு தமிழ்ச் சொல் கிடைத்தால் பெரிய உதவி.

பழஞ்சுவடி:

மதி, நீங்கள் கடைசியாகக் கேட்டதுதான் சரி. வேறு பொருள் இருக்கிறது, அதுதான் மூத்த பொருளும்கூட. டார்ட்மூரின் நடுப்பகுதிக்கு அந்தப் பெயர் வந்த காலத்திலும் அது பெரும்பாலும் வெட்டவெளிதான்.

ஃபாரஸ்ட் ஆங்கிலத்தின் சொந்தச் சொல் இல்லை. மரம் அடர்ந்த இடத்துக்கு ஆங்கிலேயர்களிடம் ஏற்கெனவே வுட், வீல்ட், ஹோல்ட், குரோவ் என்று வரிசையாகச் சொற்கள் இருந்தன. 1066-இல் வட பிரான்ஸிலிருந்து நார்மன்கள் வந்து நாட்டைப் பிடித்த பிறகு அவர்களுடைய பிரெஞ்சு வழியாக இது நுழைந்தது. அதற்கும் முந்தி ஐரோப்பாவில் ஃபிராங்க் அரசர்களின் லத்தீன் ஆவணங்களில் "ஃபாரஸ்டிஸ்" என்று இருக்கிறது. அதற்கு மூலமாகப் பெரும்பாலானவர்கள் சொல்வது "ஃபோரிஸ்" என்ற லத்தீன் சொல்லை. வெளியே, வாசலுக்கு அப்பால் என்று பொருள். வெளிநாட்டைக் குறிக்கிற ஃபாரின் என்ற சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். ஆக ஃபாரஸ்ட் என்றால் "வெளியே இருப்பது". எதற்கு வெளியே? ஊர்வேலிக்கு வெளியே என்றும், நாட்டின் பொதுச் சட்டத்துக்கு வெளியே என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். இங்கிலாந்து வரலாற்றைப் படிக்கிறவர்களுக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படும், ஏனென்றால் அங்கே ஃபாரஸ்ட் என்பது முழுக்க முழுக்க ஒரு சட்டச் சொல்: அரசர் வேட்டையாடுவதற்காகத் தனிச் சட்டம் போட்டு ஒதுக்கிய நிலம்.

அந்த எல்லைக்குள் மரம் இருக்கலாம், புதர் இருக்கலாம், ஊர், வயல், மேய்ச்சல் நிலம் எல்லாமே இருக்கலாம். மான் யாருடையது என்பதுதான் கேள்வி. நார்மன் மன்னர் வில்லியம் 1079 வாக்கில் தென் இங்கிலாந்தில் நியூ ஃபாரஸ்ட் என்ற வேட்டை நிலத்தை ஒதுக்கினார், அவர் காலத்தில் மானைக் கொன்றவனுக்குக் கண்ணைப் பிடுங்குகிற தண்டனை. ஃபாரஸ்ட்டுக்குள் குடியிருக்கிறவன் வளர்க்கிற காவல் நாய், மானைத் துரத்திப் பிடிக்காதபடி அதன் முன்காலில் மூன்று நகங்களை வெட்டிவிட வேண்டும். வயலுக்கு மான் தாண்ட முடியாத உயரத்தில் வேலி போடக் கூடாது. தன் பயிரை மான் தின்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

டார்ட்மூருக்கு வருகிறேன். டெவன் முழுவதுமே ஃபாரஸ்ட் சட்டத்தின் கீழ் இருந்தது. 1204-இல் டெவன் மக்கள் ஜான் மன்னருக்குப் பெருந்தொகை கட்டி அதிலிருந்து விடுதலை வாங்கினார்கள், டார்ட்மூரும் எக்ஸ்மூரும் மட்டும் விடுபடவில்லை. அந்த இரண்டும் மேட்டுப் புல்வெளிகள். அதனால் உங்கள் கட்டுரைக்காரர் எழுதியது பிழையில்லை, "காடு" என்ற மொழிபெயர்ப்புதான் பிழை.

சென்னிமலைக்காரன்:

பழஞ்சுவடி ஐயா சொன்னது புதுச் செய்தி, நன்றி. ஆனால் "காடு" என்று போட்டால் பிழை என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட முடியுமா என்று எனக்குத் தயக்கமாக இருக்கிறது. எங்கள் கொங்குப் பக்கம் காடு என்றால் மரம் என்று யாரும் நினைக்க மாட்டோம். "அப்பா காட்டுக்குப் போயிருக்கிறார்" என்றால் சோளமோ கடலையோ போட்டிருக்கிற புன்செய் நிலத்துக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். மேட்டுக்காடு, வெள்ளாமைக்காடு, காட்டு வேலை எல்லாம் அப்படித்தான். நான் கல்லூரிக்காகச் சென்னை போனபோது அறை நண்பனிடம் "எங்களுக்கு எட்டு ஏக்கர் காடு இருக்கிறது" என்றேன், அவன் புலி இருக்குமா என்று கேட்டான். சுடுகாடு, இடுகாடு என்பதிலும் மரம் எங்கே இருக்கிறது? தமிழில் காடு என்பது ஊர் முடிந்த பிறகு தொடங்குகிற நிலம் என்றுதான் எனக்குப் படுகிறது, அந்தக் கணக்கில் டார்ட்மூரும் காடுதானே.

இன்னொன்று. ஜங்கிள் என்ற சொல்லும் இப்படித்தான். அது இந்தி ஜங்கல் வழியாக 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது, மூலம் ஜாங்கலம் என்ற சமஸ்கிருதச் சொல். ஆயுர்வேத நூல்களில் ஜாங்கலம் என்றால் மழை குறைந்த, மரம் அரிதான வறண்ட நிலம். இன்றைக்கு ஜங்கிள் என்றதும் மழை சொட்டுகிற அடர்வனம்தான் கண்முன் வருகிறது. சொல் எங்கே தொடங்கி எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

தேனி மதி:

இருவருக்கும் நன்றி. சென்னிமலைக்காரன் சொன்னது உண்மைதான், ஆனால் பத்திரிகை எல்லா மாவட்டப் பிள்ளைகளுக்கும் போகிறது, காடு என்று படித்தால் பெரும்பாலோர் யானையைத்தான் நினைப்பார்கள். "காப்புக்காடு" என்று போடலாமா? வனத்துறைப் பலகைகளில் இருக்கிற சொல், பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள்.

கூடலூர் வாசகன்:

நான் நீலகிரிக்காரன், இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கேள்விக்கான பதில் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே இருக்கிறது.

எங்கள் பக்கம் ஃபாரஸ்ட் ஒன்று, காடு வேறு ஒன்று. காடு என்றால் மரம், விலங்கு, தேன், விறகு. ஃபாரஸ்ட் என்றால் துறை. "ஃபாரஸ்ட் வருகிறது, தள்ளி நில்" என்றால் ஜீப்பில் சீருடைக்காரர்கள் வருகிறார்கள் என்று பொருள். "அது ஃபாரஸ்ட் இடம், கை வைக்காதே" என்றால் அங்கே மரம் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, யார் கணக்கில் இருக்கிறது என்பதுதான் பேச்சு. முக்கூர்த்திப் பக்கம் போனால் மைல் கணக்கில் புல்வெளிதான், மடிப்புகளில் மட்டும் சோலை. அந்தப் புல்வெளியும் ஃபாரஸ்ட்தான். பள்ளிக்கூடம் போகாத என் பாட்டி அந்தச் சொல்லைச் சரியாக நார்மன் மன்னர் சொன்ன பொருளில்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று இப்போதுதான் புரிகிறது!

இது தற்செயல் இல்லை. வெள்ளைக்காரன் இங்கே கொண்டுவந்ததும் அந்தச் சட்டச் சொல்லைத்தான். 1864-இல் வனத்துறையைத் தொடங்கி டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியரைத் தலைவராகப் போட்டார்கள். 1878-இல் இந்திய வனச் சட்டம். ரிசர்வ் என்று அறிவித்த நிலத்தில் மக்களின் வழிவழி உரிமைகளை அவ்வளவு கடுமையாக முடக்குவதைச் சென்னை மாகாண அதிகாரிகளே ஏற்கவில்லை, அதனால் இங்கே 1882-இல் தனிச் சட்டம் வந்தது. அதுதான் தமிழ்நாட்டில் இன்றும் நடப்பில் இருக்கிறது.

அப்புறம், "ஃபாரஸ்ட் என்றால் என்ன" என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனதும் எங்கள் கூடலூரிலிருந்துதான். இங்கே மரம் வெட்டுவதை எதிர்த்து கேரளத்தின் நிலம்பூர் கோவிலகத்தை, அதாவது பழைய அரச குடும்பத்தை, சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் போட்ட வழக்கு அது. 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம், அரசு அறிவித்த நிலம் மட்டும் ஃபாரஸ்ட் இல்லை, அகராதிப் பொருளில் எது ஃபாரஸ்ட்டோ அதுவும் ஃபாரஸ்ட்தான், யார் பெயரில் இருந்தாலும் சரி என்று சொன்னது. அதாவது 900 வருடமாகச் சட்டம் சொன்னதைத்தான் ஃபாரஸ்ட் என்று வைத்திருந்த ஒரு சொல்லை, மரத்தைப் பார்த்து ஃபாரஸ்ட் என்று சொல்லலாம் என்று திருப்பிப் போட்டார்கள். 2023-இல் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வந்த திருத்தம் அந்தப் பொருளைச் சுருக்கப் பார்த்தது, 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் இப்போதைக்குப் பழைய பொருளையே பின்பற்றச் சொன்னது. ஒரு சொல்லின் பொருளுக்காக இத்தனை வருடமா என்று வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றலாம், எங்களுக்கு அது வீடும் தோட்டமும்.

மதி, "காப்புக்காடு" வேண்டாம். மரத்தைக் காப்பாற்ற ஒதுக்கியது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். டார்ட்மூரில் காத்தது மானை, அதுவும் அரசர் கொல்வதற்காக.

பழஞ்சுவடி:

கூடலூர் வாசகன் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை.

அதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். இன்று "அஃபாரஸ்ட்" என்றால் மரம் நடுவது. அன்று ஒரு நிலத்தை ஃபாரஸ்ட் சட்டத்துக்குள் இழுத்துக்கொள்வது. எதிர்ச்சொல்லான "டிஸ்அஃபாரஸ்ட்" என்பதற்கு ஒரு மரத்தையும் வெட்டாமல் நிலத்தை அந்தச் சட்டத்திலிருந்து விடுவிப்பது என்று பொருள். ஜனங்கள் அதற்காகத்தான் போராடினார்கள். 1217-இல் சிறுவனான மூன்றாம் ஹென்றி பெயரில் ஃபாரஸ்ட் சாசனம் வெளிவந்தது. மானுக்காக இனி யாரும் உயிரையோ உறுப்பையோ இழக்கக் கூடாது என்று அதில் எழுதினார்கள், பன்றி மேய்க்கவும் விறகு எடுக்கவும் இருந்த உரிமைகளையும் ஒப்புக்கொண்டார்கள். ஜான் மன்னர் 1215-இல் ஒப்புக்கொண்ட உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவுக்கு "மாக்னா", அதாவது பெரியது, என்ற பெயர் வந்ததே இந்தச் சின்னச் சாசனத்திலிருந்து பிரித்துச் சொல்லத்தான். பெரியதை எல்லோருக்கும் தெரியும், ஏழைகளின் வயிற்றைத் தொட்ட சின்னது மறந்துபோனது. அந்தச் சாசனம் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது 1971-இல்தான்.

தமிழ்ச் சொல் பற்றி: "வெளியே" என்ற அந்த வேரை நினைத்ததும் எனக்குப் புறம்போக்கு ஞாபகம் வந்தது. தீர்வைக் கணக்குக்குப் புறத்தே போன நிலம். சங்கத் தமிழில் முல்லை நிலத்துக்குப் "புறவு" என்றே ஒரு பெயர் இருக்கிறது, அதுவும் புறம் என்பதோடு ஒட்டிய சொல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேட்டைப்புறவு என்று போட்டால் அழகாக இருக்கும்.

சென்னிமலைக்காரன்:

அழகுதான் ஐயா, ஆனால் ஐந்தாம் வகுப்பில் புறவு என்றால் யாருக்கும் தெரியாது, புறா என்று படிப்பார்கள். பெயரை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதாதா?

தேனி மதி:

போதும். ஆசிரியரிடம் பேசிவிட்டேன். கட்டுரையில் இனி இப்படி வரும்: "இந்த இடத்தை டார்ட்மூர் ஃபாரஸ்ட் என்கிறார்கள். பெயரைக் கேட்டு மரங்களைத் தேடாதீர்கள். அந்தக் காலத்தில் ஃபாரஸ்ட் என்றால் அரசர் மட்டுமே வேட்டையாடலாம் என்று ஒதுக்கி வைத்த நிலம்." மீதி மூன்று இடங்களில் "வேட்டை நிலம்" என்று மாற்றிவிட்டேன். கூடலூர் வாசகன், உங்கள் பாட்டி சொன்னதைப் பெட்டிச் செய்தியாக, ஊர்ப் பெயர் போடாமல், சேர்த்துக்கொள்ளலாமா?

கூடலூர் வாசகன்:

தாராளமாக. ஊர்ப் பெயரும் போடுங்கள், அவருக்குப் பிடித்திருக்கும்.