பொருள்: என்விரான்மென்டல் டி.என்.ஏ. – தமிழ்ச்சொல் தேவை (அவசரம்)

அன்புடையீர், வணக்கம்.

இளங்கலை விலங்கியல் பாடநூல் ஒன்றின் கடைசி இயலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. குளத்து நீரையோ ஆற்று வண்டலையோ குப்பியில் எடுத்து, உயிரிகள் அதில் விட்டுச்சென்ற தோல், கோழை, கழிவு ஆகியவற்றின் டி.என்.ஏ.வைப் பிரித்து, அங்கே என்னென்ன வாழ்கின்றன என்று அறியும் முறையைப் பற்றியது அவ்வியல். வட அமெரிக்காவிலிருந்து வந்து பிரான்சில் பரவிய பெருந்தவளையை, 15 மில்லிலிட்டர் அளவில் எடுத்த குளத்து நீரைக்கொண்டே கண்டறியலாம் என்று காட்டிய 2008ஆம் ஆண்டு ஆய்வுதான் முதல் எடுத்துக்காட்டு. செய்திகளில் ‘சுற்றுச்சூழல் மரபணு’ என்று வருகிறது. எனக்கு அது உறுத்துகிறது.
– ச.வ.

அம்மா, உறுத்த வேண்டியதுதான். ‘மரபணு’ ஜீனுக்கு நிலைத்துவிட்ட சொல். மீன்களைத் தேடுவோர் பெருகச்செய்து படிப்பது இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) டி.என்.ஏ.யின் ‘12எஸ்’ பகுதியில் ஏறத்தாழ 170 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு. முழு மரபணுகூட அன்று. துண்டுக்கு முழுமையின் பெயரை இட்டால், அதே நூலில் ஜீனை எப்படி விளக்குவீர்கள்?
– இரா.

இலங்கையில் எங்கள் பாடநூல்களில் ஜீன் ‘பரம்பரை அலகு’, டி.என்.ஏ.வை அப்படியே எழுதுகிறோம். ஆகவே இந்தக் குழப்பம் எங்களுக்கு எழவில்லை. ‘சூழல் டி.என்.ஏ.’ என்று எழுதிவிட்டு உறங்கப் போகலாம்.
– ந.

உறங்கலாம், தமிழும் உறங்கும். ‘எச்சம்’ என்ற சொல் இருக்கையில் எதற்கு இந்தக் கலப்பு? ‘தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்’ என்றார் வள்ளுவர். பரிமேலழகர் அங்கே எச்சத்துக்கு நன்மக்கள் என்று பொருள் கொண்டார். பறவையின் கழிவும் எச்சம், மிச்சமும் எச்சம். வழித்தோன்றல், கழிவு, எஞ்சியது ஆகிய மூன்றையும் ஒரே சொல் தாங்குகிறது. ‘சூழலெச்சம்’ என்பேன்.
– கு.

ஐயா, அந்த மூன்று பொருளும் ஒன்றாக வருவதுதான் இடர். வேறொரு குளத்தில் மீனைத் தின்ற கொக்கு இந்தக் குளத்தில் எச்சமிட்டால், இல்லாத மீனின் டி.என்.ஏ. இங்கே கிடைக்கும் என்பது இத்துறையினர் உண்மையில் அஞ்சும் பிழை. அதை விளக்கும் பத்தியில் ‘கொக்கின் எச்சத்தில் மீனின் எச்சம்’ என்று எழுத நேரும். தவிர, வண்டலில் உயிரோடிருக்கும் நுண்ணுயிரிகளின் டி.என்.ஏ.வும் இவ்வகையில் அடங்கும்; உயிரோடிருப்பதை எச்சம் என்பது எப்படி?
– இரா.

‘சூழற்சுவடு’ என்பது என் முன்மொழிவு. அழுந்தப் பதிந்தது சுவடு. எழுத்தாணியால் பதித்தது சுவடி. இரண்டுக்கும் வேர் ஒன்றே. சுவடிக்கு ‘இணை’ என்ற பொருளும் உண்டு. டி.என்.ஏ.வும் ஈரிழை இணை அல்லவா? வடக்குக் கிரீன்லாந்தின் படிவுகளில் 20 இலட்சம் ஆண்டுப் பழைய டி.என்.ஏ.வைப் படித்து, அங்கே மாஸ்டடான் என்னும் யானையின் உறவு விலங்கு திரிந்ததை 2022இல் அறிவித்தார்களே, அதைச் சுவடி வாசிப்பு என்னாமல் வேறென்ன என்பது?
– மு.

ஓலைகளைச் சேர்த்துக் கட்டியதால்தான் சுவடி, பதித்ததால் அன்று. அது கிடக்கட்டும். சுவடு, கால் பட்ட இடத்திலேயே நிற்பது. ஆற்றில் இந்த டி.என்.ஏ.வோ நீரோடு கிலோமீட்டர் கணக்கில் கீழே போய்விடுகிறது. வெயிலிலும் வெப்பத்திலும் சில நாள்களிலோ வாரங்களிலோ சிதைந்தும்விடுகிறது. குப்பியை அமிழ்த்திய இடத்தில்தான் விலங்கு இருந்தது என்று மாணவர் நம்பினால், பிழை சொல்லின்மேல் விழும்.
– கு.

‘சூழல் டி.என்.ஏ.’ என்றாலும் சூழலுக்கே டி.என்.ஏ. இருப்பதாகத்தானே பொருள்படும்? என் மாணவி ஒருத்தி அப்படியே கேட்டாள்.
– ச.வ.

ஆறாம் வேற்றுமையாக விரித்தால் அப்படித்தான் படும். ஐந்தாம் வேற்றுமையாக விரியுங்கள்: ‘மலைவீழ் அருவி’ மலையினின்று வீழ்வது போல, சூழலினின்று பெற்ற டி.என்.ஏ. உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இப்பெயர் யாருடைய டி.என்.ஏ. என்று சொல்ல வரவில்லை. எங்கிருந்து எடுத்தது என்று மட்டுமே சொல்கிறது. விலங்கைப் பிடித்துத் திசு எடுக்காமல் நீரிலிருந்து எடுப்பதுதானே இம்முறையின் புதுமை? தொகையின் விரியை அடிக்குறிப்பில் ஒருமுறை தந்துவிட்டால் போதும்.
– இரா.

சுருக்கக் குறியீட்டுக்கு என்ன செய்வீர்கள்? ‘சூ.டி.என்.ஏ.’ என்று உரக்கப் படித்துப் பாருங்கள். எனக்குச் சூடிக்கொடுத்த நாச்சியார்தான் நினைவுக்கு வருகிறார்.
– ந.

சுருக்கம் வேண்டாம், ஒவ்வோர் இடத்திலும் முழுதாகவே எழுதுகிறேன். எண்ணிப் பார்த்தேன்: இயலில் 41 இடங்கள். ‘சூழல் டி.என்.ஏ.’ என்றே போகிறேன். மு. ஐயாவுக்காகச் சொல்லடைவில் ‘சூழற்சுவடு – காண்க: சூழல் டி.என்.ஏ.’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.
– ச.வ.

நன்றி அம்மா. ஆயினும் ‘காண்க’வுக்கு வலப்பக்கம் நிற்க வேண்டிய சொல்லை இடப்பக்கத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். சுவடி என்பது கட்டியதாலா, பதித்ததாலா என்பதற்கு நாளை தனியிழை தொடங்குகிறேன்.
– மு.