'ரெட் மார்ஸ்': அறிவியல் இன்னைக்கும் தாங்குமா?

கேள்வி: செவ்வாயில மனுஷங்க குடியேறுறதைப் பத்தின கிம் ஸ்டான்லி ராபின்சனோட 'ரெட் மார்ஸ்' (1992) நாவல்ல முதல் பகுதியிலேயே ஒரு கொலை, யார் யாருன்னே பிடிபடலை. தொடர்ந்து படிக்கலாமா? அதுல வர்ற அறிவியல் இப்பவும் செல்லுமா?

பதில் 1: அந்தக் கொலை பல வருஷம் கழிச்சு நடக்கிறது. இரண்டாம் பகுதியில்தான் முதல்ல குடியேறப்போற நூறு பேரும் விண்கப்பல்ல கிளம்புறாங்க. அங்கே எல்லாம் தெளிஞ்சிடும். அடுத்த பாகம் 'கிரீன் மார்ஸ்', அப்புறம் 'ப்ளூ மார்ஸ்'. வரிசை மாத்தாதீங்க.

பதில் 2: பெரிய ஓட்டை மண்ணுதான். செவ்வாய் மண்ணுல பெர்குளோரேட் உப்பு சுமார் 0.5% இருக்குன்னு நாசாவோட ஃபீனிக்ஸ் விண்கலம் 2008-லதான் கண்டுபிடிச்சது. அது உடம்புக்குள்ள போனா தைராய்டு சுரப்பியை அயோடின் எடுக்கவிடாது. நல்லவேளை, தண்ணியில கரையும். கழுவிட்டுத்தான் பயிர் வைக்கணும், கழுவின தண்ணியையும் சுத்திகரிக்கணும்.

பதில் 3: செவ்வாயைச் சூடாக்க நாவல்ல வைக்கிற காற்றாலை ஹீட்டர்களும் தேறாது. அங்கே காற்றழுத்தம் பூமியில இருக்கிறதுல 1%கூட இல்லை. அதோட, காத்தோட வேகம் எப்படியும் உராய்வுல வெப்பமாத்தான் முடியும். புதுசா எதுவும் சேராது. ஆனா நாவல்ல வர்ற கடிகாரம் அருமை! செவ்வாய் நாள் 24 மணி 39 நிமிஷம் 35 விநாடி. நள்ளிரவுல முள்ளை நிறுத்தி அந்த மிச்சத்தைக் கழிக்கிறாங்க. விநாடியோட நீளத்தை மாத்தவே வேண்டாம்.