ஹெர்மிஸ் கப்பலுக்கு எந்த கேமரா?

பெல்லந்தூர் கார்த்தி:
வணக்கம். வரும் ஏப்ரலில் மட்டக்களப்புக்குப் போகிறேன், எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் பார்க்க. 1942 ஏப்ரல் 9-ல் ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த விமானந்தாங்கிக் கப்பல், கடலுக்கடியில் 50 மீட்டருக்கும் கீழே இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசித்து ஆழத்தில் டைவ் செய்யும் டிரைமிக்ஸ் கோர்ஸ் முடித்தாயிற்று. கையில் ஒலிம்பஸ் டிஜி-6 இருக்கிறது, 45 மீட்டர் வரை தாங்கும் பிளாஸ்டிக் ஹவுசிங்கோடு (தண்ணீர் புகாத பெட்டி). கர்நாடகக் கடலோரம் நேத்ராணித் தீவில் நன்றாகவே ஓடியது. ஒரு 10 மீட்டர்தானே கூடுதல், கம்பெனிக்காரன் கொஞ்சம் குறைத்துத்தானே போட்டிருப்பான், துணிந்து கொண்டுபோகலாமா? இல்லை, கோப்ரோவும் 60 மீட்டர் பெட்டியுமா? மிரர்லெஸ், அலுமினிய ஹவுசிங் என்றால் லட்சக்கணக்கில் போய்விடும். வீட்டில் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

பீன்யா அண்ணாச்சி:
தம்பி, எனக்கு பீன்யாவில் ஹைட்ராலிக் சீல் வேலை. எதைப் பார்த்தாலும் கண் முதலில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம், அந்த ஓ-ரிங்கில்தான் போகும். 45 என்று போட்டிருந்தால் 45தான். பெட்டி உடனே உடைந்துவிடும் என்று சொல்லவில்லை, அதற்கு முன்னாலேயே பொத்தான் மக்கர் பண்ணும். 54 மீட்டரில் வெளியே அழுத்தம் 6.4 பார், பெட்டிக்குள் 1 பார். பொத்தானின் தண்டு 3 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் தலையில் கிட்டத்தட்ட 390 கிராம் எடை ஏறி உட்காரும். அதை எதிர்த்து நிற்பது ஒரு சின்ன ஸ்பிரிங். ஸ்பிரிங் தோற்றால் பொத்தான் தானாக அமுங்கி அங்கேயே நின்றுவிடும். கேமரா மெனுவுக்குள் போய் மாட்டிக்கொள்ளும், பல மீட்டர் மேலே வந்தால்தான் விடும். அதற்குள் கப்பல் கீழே போயிருக்கும்.

அலுமினிய ஹவுசிங் பலவும் 100 மீட்டருக்குச் செய்தவை, ஸ்பிரிங்கும் கெட்டி. ஆனால் அந்த 100 பெட்டிக்கு மட்டும். லென்ஸ் முன்னால் வரும் கண்ணாடிக் கவிகை (டோம்), ஃபிளாஷ் (ஸ்ட்ரோப்), லைட்டைத் தாங்கும் கம்பிக் கையில் மாட்டும் மிதவை ஒவ்வொன்றிலும் என்ன எழுதியிருக்கிறது என்று தனியாகப் பாருங்கள். எது குறைவோ அதுதான் உங்கள் ஆழம்.

முதல்முறைக்கு கோப்ரோ போதும் என்பேன். மேலே ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு இறங்குங்கள். கீழே பொத்தானைத் தொடவே வேண்டாம்.

ஜெயநகர் உமா:
அண்ணாச்சி பெட்டியோடு நின்றுவிட்டார், பாதிச் செலவு வெளிச்சத்துக்கு ஐயா! சிவப்பு நிறம் முதல் சில மீட்டர்களிலேயே போய்விடும். 50-ல் எல்லாம் நீலம்தான். அங்கே சிவப்பு ஃபில்டர் மாட்டினால் இருக்கிற கொஞ்சநஞ்ச வெளிச்சத்தையும் அதுவே விழுங்கிவிடும். அகலமாக விரியும் வீடியோ லைட் இரண்டு வாங்குங்கள், நீளமான கம்பிக் கைகளில் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். லென்ஸுக்குப் பக்கத்திலேயே லைட் இருந்தால் மிதக்கிற தூசு அத்தனையும் வெள்ளைப் புள்ளியாக விழும். முழுக் கப்பலுக்கும் வெளிச்சம் போட முடியாது, அதற்கு ஆசைப்படாதீர்கள். ஒரு பீரங்கி, அதன் பக்கத்தில் உங்கள் கூட்டாளி, பின்னால் நீலம். படம் அதுதான்.

லைட் பேட்டரிகள் விமானத்தில் கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட்-அவருக்கு மேல் என்றால் ஏர்லைன்ஸிடம் முன்கூட்டியே கேளுங்கள். செக்யூரிட்டியில் யாராவது அழுத்திப் பார்த்தால் தண்ணீர் இல்லாமல் லைட் சூடாகிவிடும், பேட்டரியைக் கழற்றியே கொண்டுபோங்கள்.

பெல்லந்தூர் கார்த்தி:
சரி, கோப்ரோவும் இரண்டு லைட்டும். அப்புறம், மேலே வரும் வழியில் உடம்பில் சேர்ந்த வாயு வெளியேற நின்று நின்று வரும் டெகோ நேரத்தில் இதையெல்லாம் எங்கே வைப்பது? மணிக்கட்டில் கயிறு போட்டுத் தொங்கவிடலாமா?

பீன்யா அண்ணாச்சி:
மணிக்கட்டில் வேண்டவே வேண்டாம். 21 மீட்டரில் 50 சதவீத ஆக்சிஜனுக்கு மாறும்போது சிலிண்டர் பெயரைப் படிக்க வேண்டும், வால்வைத் திறக்க வேண்டும், கூட்டாளிக்குக் காட்ட வேண்டும். இரண்டு கையும் வேலையில் இருக்கும். அந்த நேரத்தில் ஒரு கேமரா ஆடிக்கொண்டு ரெகுலேட்டர் ஹோஸில் சுற்றினால் என்ன ஆகும்? போல்ட் ஸ்னாப் (ஸ்பிரிங் கொக்கி) மாட்டி, பக்கவாட்டில் தொங்கும் கூடுதல் சிலிண்டர்கள் (ஸ்டேஜ்) இல்லாத பக்கத்து டி-ரிங்கில், அதாவது பட்டையிலுள்ள உலோக வளையத்தில் தொங்கவிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு மாட்டிக் கழற்றும் அளவுக்கு கே.ஆர்.புரம் நீச்சல்குளமோ எதுவோ, பெங்களூரிலேயே பழகிவிட்டுப் போங்கள்.

ஹெர்மிஸில் முதல் டைவ் கேமரா இல்லாமல். பெட்டியை மட்டும் காலியாக, உள்ளே டிஷ்யூ பேப்பர் வைத்து எடுத்துப் போங்கள். பேப்பர் காய்ந்தபடி வந்தால் மறுநாள் கேமராவை வையுங்கள்.

டிஜி-6-ஐ விற்றுவிடாதீர்கள். அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜென்ட் எண்ணெய்க் கப்பலும் அந்தப் பக்கம்தான் கிடக்கிறது, ஆழம் குறைவு. அதற்கு உங்கள் பழைய பெட்டியே தாராளம்.