ஆலயப் பராமரிப்புக் குழு: ஓவியமும் விளக்கும்

ஜெரால்டு: நன்கொடையா வர்ற எண்ணெய் ஓவியத்தை பீடத்துக்கு இடப்பக்கச் சுவர்ல மாட்டலாம்னு பேச்சு. ரெண்டு ஹாலஜன் லைட் போட்டா போதுமா?

ஸ்டெல்லா அக்கா: ஹாலஜன் வேணாம் தம்பி. சூடு ஜாஸ்தி. எல்இடி போடு. ஒளியோட நிறம் 3000 கெல்வின், அதாவது இளமஞ்சள் வெள்ளை. சிஆர்ஐ, அதாவது நிறத்தை எவ்வளவு இயல்பாக் காட்டுதுங்கிற மதிப்பு, 90க்கு மேல. சிவப்பை எப்படிக் காட்டும்னு சொல்ற ஆர்9 மதிப்பையும் கேளு. அது கம்மின்னா சிவப்பு அங்கி செங்கல் கலர்ல தெரியும்.

ஜெரால்டு: வெளிச்சம் எவ்வளவு வேணும்க்கா?

ஸ்டெல்லா அக்கா: எண்ணெய் ஓவியத்து மேல விழுற வெளிச்சம் 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) தாண்டக்கூடாது. பட்டுக்கொடி, காகிதப் படம்னா 50தான். லக்ஸ் மீட்டரை ஓவியப் பரப்புக்கிட்ட வச்சு அளக்கணும். 1000 லக்ஸ்ல ஒரு மணி நேரமும் 200ல அஞ்சு மணி நேரமும் ஒரே சேதம். பூசை முடிஞ்சா அணைச்சிடணும். ஜன்னல் வெயில் நேரா விழுற சுவர்னா விளக்கைப் பத்திப் பேசியே பிரயோஜனமில்ல 🙏

அந்தோணி மாமா: விளக்கு செங்குத்துல இருந்து 30 டிகிரி சாய்வுல அடிக்கணும். ஓவியத்தோட நடுவுல இருந்து 3 மீட்டர் உயரத்துல விளக்குன்னா, சுவரை விட்டு 1.7 மீட்டர் தள்ளி வை. ரொம்பத் தள்ளினா வார்னிஷ் கண்ணாடியா மின்னும், பெஞ்சுல இருக்கிறவனுக்குப் படம் தெரியாது. ஒட்டி வச்சா சட்டத்தோட நிழல் முகத்துல விழும். ஒளி 24 டிகிரி விரியுற பீம் விளக்குன்னா ஒன்றரை மீட்டர் வட்டத்துக்கு வெளிச்சம் கிடைக்கும்.

ஜெரால்டு: வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பழைய டிம்மர் இருக்கே மாமா, அதையே வச்சுக்கலாமா?

அந்தோணி மாமா: மினுக்கும்டா. அதுக்குக் குறைஞ்சபட்ச லோடுன்னு ஒண்ணு உண்டு, 20 வாட் எல்இடி அதுக்குப் பத்தாது. எல்இடி டிம்மர் மாத்து.

ஸ்டெல்லா அக்கா: சுவர்ல உப்புப் பூத்திருக்கான்னு பாத்தீங்களா? வெளிச்சுவர்னா ஈரம் வரும். சட்டத்துக்குப் பின்னாடி நாலு மூலையிலயும் 25 மி.மீ. கார்க் கட்டை வச்சுக் காத்து போக விடுங்க. இல்லேன்னா கித்தான்ல, அதாவது ஓவியம் வரைஞ்ச துணியில, பூஞ்சை பிடிக்கும். மெழுகுவர்த்தி ஸ்டாண்டு கீழ இருக்கவே கூடாது, புகைக்கரி வார்னிஷ்ல ஒட்டிக்கும்.

அந்தோணி மாமா: கொக்கி ரெண்டு. ஒவ்வொண்ணும் தனியாவே முழு எடையையும் தாங்கணும். கல் சுவர்னா கல்லைத் துளைக்காதே, நடுவுல இருக்கிற சாந்துல போடு.

ஃபாதர்: கொடுக்கிறவங்ககிட்ட எழுத்துல வாங்கிக்குங்க. குறிப்பிட்ட நோக்கத்துக்குக் கொடுத்ததை அதுக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம், திருச்சபைச் சட்டம் 1267. நாளைக்கு இடம் மாத்தலாம்னு அதுலயே ஒரு வரி இருக்கட்டும். சொத்துப் பதிவேட்டுல அளவு, போட்டோவோட ஏத்துங்க.

ஜெரால்டு: உபயம்னு பித்தளைப் பட்டை சட்டத்துல அடிக்கணுமாம் ஃபாதர் 😅

ஸ்டெல்லா அக்கா: சட்டத்துல ஆணியே கூடாது! பக்கத்துச் சுவர்ல தனியா, சின்னதா. பித்தளை பளபளன்னு இருந்தா விளக்கு அதுலதான் முதல்ல மின்னும், மங்கலான பாலிஷ்ல செய்யச் சொல்லு.

ஃபாதர்: சரி. லக்ஸ் மீட்டர் யார்கிட்ட இருக்கு?