கனஃபானிக்குப் பிறகு எதை வாசிக்கலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானியின் ‘சூரியனில் மனிதர்கள்’ (1963) குறுநாவலைப் பேசினோம். பிழைப்புக்காகக் குவைத் செல்லும் மூன்று பாலஸ்தீன அகதிகள், காலித் தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் ஒளிந்து எல்லை கடக்கிறார்கள். சாவடி அதிகாரிகள் ஓட்டுநரைக் கேலிப்பேச்சில் நிறுத்திவைக்க, ஆகஸ்ட் வெயிலில் மூவரும் உள்ளேயே இறந்துபோகிறார்கள். ‘ஏன் தொட்டியைத் தட்டவில்லை?’ என்று ஓட்டுநர் கதறுகிறான். 1972இல் வந்த திரைப்படத்திலோ அவர்கள் தட்டுகிறார்கள், ஏசி இரைச்சலில் யாருக்கும் கேட்பதில்லை. இந்த மாற்றம்தான் என்னை உலுக்கியது. அகதியின் மௌனத்தைக் குற்றம்சாட்டுவதா, கேளாத செவிகளையா என்று விவாதம் சூடாகிவிட்டது.

இதன் தொடர்ச்சியாக அடுத்த கூட்டத்துக்கு ஒரு நூல் வேண்டும். அரபு நாவலாசிரியர் அப்துர் ரஹ்மான் முனீஃபின் ‘உப்பு நகரங்கள்’, எண்ணெய் வந்தபின் சிதறிய பாலைவனச் சமூகத்தைச் சொல்கிறது. ஆனால் மிகப் பெரியது. பாலஸ்தீனப் பெண் எழுத்தாளர் ஸஹர் கலீஃபாவின் 1976ஆம் ஆண்டு நாவல், மேற்குக் கரையிலிருந்து இஸ்ரேலுக்குள் கூலிவேலைக்குப் போகும் தொழிலாளர்களைப் பற்றியது. என் மனம் அதன் பக்கமே சாய்கிறது.

படித்தவர்கள் எதைப் பரிந்துரைப்பீர்கள்? இவற்றின் தமிழ் மொழிபெயர்ப்புகள் எங்கே கிடைக்கும்? ஈராக், எகிப்துப் பெண் எழுத்தாளர்களின் சிறுகதைகள் தமிழில் இருந்தால் அவற்றையும் தெரிவியுங்கள். கைவசம் பிரதி வைத்திருப்பவர்கள் இரவல் தந்தால் பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.