சரித்திரக் கதைக்கு இடம் தேடி அலைந்த அனுபவம்: பர்மாவில் எழுதுகிறவர்கள் பகிருங்கள்

ரங்கூன்வாசி

எல்லோருக்கும் வணக்கம். 1938 முதல் 1942 வரை ரங்கூனில் நடக்கிற ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மொகல் தெருவில் ஒரு செட்டியார் வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடி வேலைக்கு, வந்து சேர்கிறவன்தான் நாயகன். அவன் பேசுவது எனக்குக் கேட்கிறது, ஆனால் தெருவில் இறக்கி நடக்கவிட்டால் அவனைச் சுற்றி ஒன்றும் தெரியவில்லை, எல்லாக் கதைகளிலும் வருகிற கப்பலும் தங்கக் கோபுரமும் மழையும்தான் வந்து நிற்கின்றன. சரி, கொஞ்ச நாள் எழுத வேண்டாம், ஊரைப் பார்ப்போம் என்று கிளம்பினேன். எனக்குக் கிடைத்ததை எழுதுகிறேன், உங்கள் ஊரில் கிடைத்ததை நீங்களும் எழுதுங்கள்.

முதல் வேலை கழித்தல். சூலே பகோடா பக்கம் நின்று, கண்ணில் படுவதில் எது என் காலத்தில் இருந்தது, எது இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மாநகர மண்டபம் 1936-இல்தான் கட்டி முடிந்தது. அப்படியானால் என் பையனுக்கு அது இன்னும் புதுக் கட்டடம், ஊரார் நின்று பார்த்துவிட்டுப் போகிற கட்டடம். அதே இடத்தில் 1920-இல் கதை வைக்கிறவர் அதைக் கண்ணிலிருந்தே எடுத்துவிட வேண்டும். போஜோ மார்க்கெட் 1926-இல் வந்தது, அன்று அது ஸ்காட் மார்க்கெட். ரயில் நிலையத்தின் அடுக்குக் கூரை நமக்கெல்லாம் பிடித்ததுதான், ஆனால் பழைய நிலையம் போரில் அழிந்து, 1954-இல் முடிந்தது இது. என் பையன் அந்தக் கூரையைப் பார்த்திருக்கவே முடியாது. அப்புறம் வண்டிகள். 1970 டிசம்பர் வரை இந்த நாட்டில் சாலையின் இடது பக்கம்தான் போனார்கள். தெருவைக் கடக்கிறவன் முதலில் எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறான் என்று எழுதும்போது இது வேண்டும். நடுவில் மின்சார டிராம் வேறு, 1906-இலிருந்து ஓடியது.

இவ்வளவையும் கழித்த பிறகு மிச்சம் என்ன என்று பார்த்தால், தெருக்கள் அப்படியே இருக்கின்றன. 1850-களில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்ததும் கட்டம் கட்டமாகப் போட்ட தெருக்கள், பெயர்தான் மாறியது: டல்ஹௌசி தெரு மகாபந்தூலா சாலை, ஃப்ரேசர் தெரு அனோரத்தா சாலை, ஃபேயர் தெரு பன்சோடான், மொகல் தெரு ஷ்வே பொந்தா. பழைய வரைபடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் மூலை முடுக்கு கூடச் சரியாக வருகிறது. பையன் கடையிலிருந்து ஆற்றங்கரைக்கு எவ்வளவு நேரத்தில் போவான்? நான் நடந்தே பார்த்தேன், கூட்டத்தில் இடித்துக்கொண்டு போனாலும் பத்து நிமிடத்துக்குள் ஸ்ட்ராண்டு சாலை வந்துவிடுகிறது. இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் இதனால் என் கதையே நகர்ந்தது. கப்பல் ஊதினால் பேரேட்டின் முன் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கேட்கும், ஊருக்குப் போகிற கப்பல் இன்று கிளம்புகிறது என்று தலையைத் தூக்காமலே தெரிந்துகொள்வான். மூன்று வருடக் கணக்கு முடிந்தால்தான் ஊர் என்று இருக்கிறவனுக்கு அந்தச் சத்தம் என்ன செய்யும் என்று எழுதத் தொடங்கியதில் ஒரு அத்தியாயமே வந்துவிட்டது.

ஆற்றையும் பல வேளைகளில் பாருங்கள். ரங்கூன் ஆறு கடலோடு ஏறி இறங்குகிறது. ஏற்றத்தில் படகுப் பலகை கிட்டத்தட்டச் சமமாகக் கிடக்கிறது, வற்றத்தில் செங்குத்தாகச் சாய்ந்து, சுற்றிலும் சேறு. மூட்டை தூக்குகிறவனுக்கு இரண்டும் ஒன்றில்லை. துறைமுகக் காட்சி எழுதும்போது தண்ணீர் ஏற்றமா வற்றமா என்று முதலில் முடிவு செய்துகொள்கிறேன், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் தானாக வருகிறது.

முகப்புகளில் மட்டும் நிற்காதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. பன்சோடானில் 1906-இல் எழுந்த சோஃபேர் கட்டடத்தை எல்லோரும் படமெடுக்கிறார்கள், தரையில் மான்செஸ்டரிலிருந்து வந்த ஓடு என்று எழுதுகிறார்கள், நல்லது, எழுதட்டும். ஆனால் எண் போட்ட தெருக்களுக்கு நடுவே பின்சந்து ஒன்று ஓடுகிறதே, அங்கேதான் என் கதைக்காரர்கள் வாழ்ந்தார்கள். சமையல் புகை, கழுநீர், துணி, பூனை, பின்கட்டு ஜன்னலிலிருந்து பேசிக்கொள்கிற பெண்கள் எல்லாம் அந்தப் பக்கம். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள் ஏறத்தாழ 4 லட்சம், அதில் பாதிக்கு மேல் இந்தியர். அத்தனை பேரும் இந்த ஒடுக்கத்துக்குள் எப்படி இருந்தார்கள் என்பது முகப்பைப் பார்த்தால் தெரியாது. தெரு வாசலிலிருந்து நேராக ஏறுகிற மரப்படியில் ஏறிப் பாருங்கள். நடுவில் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது, மேலிருந்து ஒருவர் வந்தால் கீழே நிற்கிறவர் உடம்பை ஒடுக்கித்தான் வழிவிட முடியும். இரண்டு பேருக்கு நடுவில் வருகிற பகையை அந்தப் படியிலேயே காட்டிவிடலாம்.

கடைசியாக ஒன்று. 1941 டிசம்பர் 23 குண்டுவீச்சு எழுத வேண்டியிருந்தது. ஜப்பானிய விமானங்கள் வந்தது காலை பத்து மணியளவில், ஓடி ஒளியாமல் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் ஏராளம், அதனால்தான் அவ்வளவு சாவு. அதே டிசம்பரில், அதே நேரத்தில் டல்ஹௌசி தெருவையொட்டிய ஒரு குறுக்குத் தெருவில் போய் நின்றேன். மழைக்காலம் முடிந்து வானம் மேகமில்லாமல் நீலமாக இருக்கிறது, லேசான குளிர், அந்தத் தெருக்கள் தெற்கு வடக்காக ஓடுவதால் கிழக்கு வரிசை வீடுகளின் நிழல் தெருவில் கிடக்கிறது, எதிர்வரிசையின் மேல்மாடிகளில் மட்டும் வெயில். தெருவுக்குள் நிற்கிறவனுக்கு வானம் ஒரு நீளமான துண்டுதான். விமானம் அந்தத் துண்டைக் கடக்கிற நேரம்தான் அவன் பார்க்கிற நேரம். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை, அங்கே நின்றதால் வந்தது.

மோல்மீன்காரி

அண்ணே, ரொம்ப நன்றி, அந்தக் குறுக்குத் தெரு வெளிச்சம் மனதில் நின்றுவிட்டது. நான் 1870-களின் மோல்மீனை (இப்போது மவ்லமியைன்) வைத்து எழுதுகிறேன். உங்கள் காலத்து ஆட்களிடமாவது கேட்டுத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், எனக்குக் கேட்க ஆள் கிடையாது. அதனால் பழைய புகைப்படங்களை நம்பித்தான் இருக்கிறேன், அவற்றை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நான் கற்றதைச் சொல்கிறேன்.

லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1855-இல் ஆவா அரசவைக்கு, அதாவது பர்மிய மன்னரிடம், போன ஆங்கிலத் தூதுக்குழுவோடு வந்து படமெடுத்தவர். இவரே அடுத்த சில வருடங்களில் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களையும் எடுத்திருக்கிறார், நம் இரண்டு ஊரையும் ஒரே கண் பார்த்திருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அந்தப் படங்களில் வீதி வெறிச்சோடிக் கிடக்கும். ஊர் அப்படி இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலக் கேமராவுக்கு நெடுநேரம் வெளிச்சம் வேண்டும், நடந்து போகிறவர் பதியவே மாட்டார். அசையாமல் நின்ற கட்டடமும் மரமும்தான் மிஞ்சும். வானத்தையும் நம்பாதீர்கள், வெறுமையாக வந்த வானத்தில் டிரைப் கையாலேயே மேகம் தீட்டியிருக்கிறார்.

எங்கள் ஊருக்கு வந்த கிளியர் என்கிற ஜெர்மன்காரர் முதலில் மோல்மீனிலும் பிறகு ரங்கூனிலும் ஸ்டூடியோ வைத்திருந்தார். அவருடைய படங்கள் பல பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். நான் பார்க்கிற முறை இது: நடுவில் இருப்பதை விட்டுவிட்டு ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். படம் எடுத்தவர் கவனிக்காத குடம், சுவரில் சாய்த்த ஏணி, திண்ணையில் உட்கார்ந்து யாரையோ பார்த்துக்கொண்டிருக்கிற கிழவர். நடுவில் இருப்பது வாங்குகிறவர்களுக்காக ஒழுங்கு செய்தது. ஓரத்தில் இருப்பதை யாரும் ஒழுங்கு செய்யவில்லை.

ரங்கூன் படக்காரர் அஹுஜா வெளியிட்ட வண்ண அஞ்சலட்டைகள் அழகானவை, எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த நிறம் அச்சடித்த இடத்தில் ஏற்றியது. உடையின் நிறத்துக்கு அதைச் சாட்சியாக வைக்காதீர்கள்.

படத்தில் கிடைக்காததற்கு நான் கையெக்தான்லான் பகோடாவுக்கு ஏறுகிறேன். 1827 முதல் 1852 வரை இந்த ஊர்தான் ஆங்கிலேயரின் தலைநகரம், தேக்கு இங்கிருந்துதான் கப்பலேறியது. மேலே நின்றால் தான்லுவின் ஆறும் எதிரே பிலு தீவும் தெரிகின்றன. மாலையில் வெயில் தீவின் பின்னால் இறங்கும்போது ஆறு முழுக்கக் கண்ணைக் கூசவைக்கிறது, அந்த நேரத்தில் கரையில் இருக்கிற எதுவுமே கருப்பு உருவமாகத்தான் தெரிகிறது. என் கதையில் ஒருத்தி தன் புருஷன் ஏறிய கப்பலைத் தேடுகிறாள். கண்டுபிடிக்க முடியாமல் போவதற்கு அந்த வெயிலே போதும்.

பியாப்போன்காரன்

நான் ஐராவதி டெல்டா பக்கம். செட்டியாரிடம் நிலத்தை இழந்த குடும்பமும், செட்டியார் கடையில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பமும் ஒரே ஊரில் இருக்கிற கதை. 1930-இல் நெல் விலை விழுந்த பிறகு, 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. நியாயத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், அதற்கு இரண்டு வீட்டையும் ஒரே தெளிவோடு பார்க்க வேண்டும்.

டெல்டாவைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். 2008 மே மாதத்து நர்கிஸ் புயலுக்குப் பிறகு மிஞ்சியதைத்தான் இப்போது பார்க்கிறோம். கரையோரத்துப் பெரிய மரங்கள் போய்விட்டன, வீடுகளும் போய், வேறு இடத்தில் வேறு மாதிரி எழுந்தன. தகரக் கூரையை எடுத்துவிட்டு நிப்பா ஓலையை (சேற்றுக் கரையில் வளர்கிற ஒரு பனை வகை) போட்டால் மட்டும் பழைய ஊர் வந்துவிடாது, நிழலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். புயல் அவ்வளவாகத் தொடாத உள்வாய்க்கால்கள் உண்டு. அங்கே படகில் போகும்போது இரண்டு கரை மரமும் மேலே சேர்ந்து நடுப்பகலிலும் பச்சை இருட்டாக இருக்கிறது. என் ஊரை அந்த இருட்டிலிருந்து எடுத்தேன்.

இன்னொன்று, வயதானவர்களிடம் கேட்கிற முறை. "அந்தக் காலத்தில் எப்படி இருந்தது" என்று கேட்டால் "நன்றாக இருந்தது தம்பி" என்று முடித்துவிடுவார்கள். எங்கள் தெருப் பாட்டி ஒருவரிடம் செட்டியாரின் நெல் கிடங்கைப் பற்றி, "கிட்டங்கி வாசலில் நீங்கள் எங்கே நிற்பீர்கள்?" என்று கேட்டேன். உடனே எழுந்து காட்டினார்: தூணுக்கு இந்தப் பக்கம், படி மேல் ஏறக் கூடாது, அப்பா உள்ளே இருந்து வருகிற வரைக்கும் நெல் தூசியில் தும்மிக்கொண்டே நிற்க வேண்டும். எங்கே அளந்தார்கள், பூட்டு எந்தப் பக்கக் கதவில், மாடு எங்கே கட்டியிருந்தது எல்லாம் கையாலேயே சொல்லிவிட்டார். எனக்கு ஒரு கட்டடத்தின் தரைப்படமே கிடைத்தது. அந்தக் கட்டடம் இன்று இல்லை.

ரங்கூன்வாசி

பியாப்போன் தம்பி, அந்தக் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன், எங்கள் தெருவிலும் கேட்க ஆள் இருக்கிறது.

என் நாவலின் கடைசிப் பகுதி 1942 நடைப்பயணம், ஜப்பான் படை வந்தபோது இந்தியர்கள் கால்நடையாக இந்தியாவுக்குத் தப்பிப் போனது. தமு வழியாக மலையேறிப் போனவர்கள், அரக்கான் பக்கம் போனவர்கள், ஹூக்காங் பள்ளத்தாக்கில் மழையில் மாட்டிக்கொண்டவர்கள். இப்போதைய நிலைமையில் அந்தப் பாதைகளைப் போய்ப் பார்க்க வழியில்லை. பார்க்க முடிகிறபோதே பார்த்துவிட வேண்டும் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். சகாயிங் பக்கத்து ஆவா பாலம் 1934-இல் திறந்தது, 1942 ஏப்ரல் கடைசியில் பின்வாங்கிய ஆங்கிலப் படை உடைத்தது, 1954-இல் சரிசெய்தார்கள், 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது. அதன் இரும்பு வரிசைக்குக் கீழே நின்று எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன, யாருக்கு வேண்டுமானாலும் தருகிறேன்.

பாதைக்குப் பதிலாக நான் செய்வது, அதே வகைக் காட்டில், அதே மாதத்தில், போக முடிகிற இடமாகப் பார்த்து நடப்பது. ஏப்ரலில் பகோ மலைச்சரிவில் மூங்கில் காய்ந்து, காலடியில் சருகு உடைகிற சத்தம் பக்கத்தில் பேசுகிறவரின் குரலையே மறைக்கிறது. கூட்டமாக நடந்தவர்கள் ஏன் பேசாமல் நடந்தார்கள் என்று நினைவுக் குறிப்புகளில் படித்தது அப்போது வேறு மாதிரிப் புரிந்தது. மே நடுவில் மழை பிடித்தபின் அதே சரிவில் கால் வைக்க முடியவில்லை. என் ஆட்களை நான் ஏப்ரலிலேயே மலை தாண்டவைக்கிறேன், ஒரு குடும்பத்தை மட்டும் மேயில் விடுகிறேன்.

மோல்மீன் அக்கா, கிளியர் படங்களில் ரங்கூன் துறைமுகத்தின் வற்று நேரத்துப் படம் ஏதாவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள். அப்புறம் தட்டோன், பகோ பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால், போருக்கு முந்திய தமிழ் வீட்டின் அடுக்களை படமோ, பாட்டி வாய்மொழியோ எதுவானாலும் போடுங்கள். அடுப்பு எந்தச் சுவரோரம் இருந்தது என்பது வரைக்கும் எனக்கு வேண்டும்.